ஸ்க்ரூவைத் தொடும் முன்: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைச் சரிசெய்த அனுபவம்

தூரத்தைத் தனி ஜன்னல் வழியாகக் கணித்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் ஃபோகஸ் தவறினால் அதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்கார்ந்திருக்கும். படம் முழுக்க மங்கலாக இருந்தால் கை ஆடிவிட்டது என்று விடலாம். ஆனால் காதோர முடி இழை இழையாகத் தெரிய, கண் மட்டும் குழைந்து கிடந்தால் லென்ஸில் கோளாறு இல்லை. ஷட்டரிலும் இல்லை. நாம் குறித்த தூரம் ஒன்று, லென்ஸ் போய் நின்ற தூரம் வேறொன்று.

எஸ்எல்ஆர் கேமராவில் இது எளிதில் நடக்காது. அங்கே லென்ஸ் வழியாக வரும் ஒளியைத்தான் கண் பார்க்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. இரண்டும் தனித்தனிக் கருவிகள். லென்ஸ் முன்னும் பின்னும் நகர்வதை உள்ளே ஒரு சிறிய உலோகக் கை தொட்டு உணர்ந்து, மேலே இருக்கும் கண்ணாடியைத் திருப்புகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு அந்த ஒரு கைதான்.

இந்த வகைக் கேமராக்களைப் பிரித்துத் துடைத்துச் சரிசெய்து பார்த்ததில் நான் அடித்துச் சொல்வது வேலையின் வரிசையைப் பற்றித்தான். பிலிம் இருக்கும் தளத்துக்கு ஏற்ப லென்ஸைச் சரிபார்க்க வேண்டும். லென்ஸுக்கு ஏற்ப ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்ய வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் ஆரம்பித்தால், லென்ஸில் இருக்கும் பிழையை இன்னொரு பிழையால் மூடிவிடுவோம். ஏதோ ஒரு தூரத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். மற்ற தூரங்களில் எடுத்த படங்கள் கழுவி வரும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

எவ்வளவு நுண்ணிய வேலை இது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தக் கருவியின் மேல் மரியாதை கூடியது. கேமராவின் முகப்பில் இரண்டு ஜன்னல்கள். பெரியதன் வழியாக நேராகப் பார்க்கிறோம். சிறியதன் வழியாக வரும் பிம்பம் ஒரு கண்ணாடியில் பட்டு, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் இன்னொரு கண்ணாடி மூலம் நம் கண்ணுக்கு வந்து, நடுவில் மஞ்சளாகத் தெரியும் கட்டத்தில் விழுகிறது. இரண்டு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு ஜன்னல்களுக்கும் உள்ள இடைவெளியை அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம். அது 40 மில்லிமீட்டர் என்றால், 1 மீட்டரில் இருக்கும் பொருளை இரண்டு ஜன்னல்களும் ஏறக்குறைய 2.3 பாகை வித்தியாசத்தில் பார்க்கின்றன. 10 மீட்டரில் அது 0.23 பாகை. 100 மீட்டரில் வெறும் 1.4 கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். கண்ணாடி இதில் பாதி திரும்பினால் போதும். ஆக, முடிவிலியிலிருந்து (லென்ஸ் மிகத் தொலைதூரத்துக்கு ஃபோகஸ் ஆகும் நிலை) 1 மீட்டர் வரை வர அது திரும்புவதே 1.15 பாகைதான்.

இதில் கவனிக்க வேண்டியது, 1 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரைக்கும் அந்தத் திருப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு செலவாகிவிடுகிறது. 10 மீட்டருக்கு அப்பால் உலகம் முழுவதும் மிச்சமிருக்கும் ஒரு பங்கில் அடங்கிவிடும். தூரத்துக் கட்டடத்தில் பிம்பம் மயிரிழை விலகியிருப்பது பெரிய தவறு போலத் தெரிந்தாலும் சாதாரணமாக எடுக்கும் படத்தில் அது பாதிக்காமல் போகலாம். அதே அளவு விலகல் அருகில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை எடுக்கும்போது, எஃப் 1.7 என்ற அகலமான திறப்பில், படத்தையே கெடுத்துவிடும். 45 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸுக்கு 1 மீட்டரில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. லென்ஸ் முடிவிலியிலிருந்து அந்த 1 மீட்டருக்கு வர முன்னால் நகர்வது 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் 0.05 மில்லிமீட்டர் தவறினாலே முகம் குழைய ஆரம்பிக்கும்.

அதனால்தான் அடித்தளம் நீளமாக இருந்தால் நல்லது என்கிறார்கள். லைக்கா நிறுவனம் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டரை 1932-ல் லைக்கா இரண்டாம் மாடலில் கொண்டுவந்தது. அதே ஆண்டு கான்டாக்ஸ் என்ற கேமராவும் வந்தது. 1936-ல் வந்த கான்டாக்ஸ் இரண்டின் அடித்தளம் 90 மில்லிமீட்டர். 1954-ல் வந்த லைக்கா எம்3-ல் அது 68.5 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் வியூஃபைண்டர் காட்சியை 0.91 மடங்காகக் காட்டும். இரண்டையும் பெருக்கினால் பயனுள்ள அடித்தளம் 62 மில்லிமீட்டர் வருகிறது. வோய்க்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர் கேமராவில் 37 மில்லிமீட்டரை 0.68 ஆல் பெருக்கினால் 25 மட்டுமே. நம் கையில் இருக்கும் கேமராவுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால், எவ்வளவு துல்லியத்தை அதனிடம் எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துவிடும். 25 மில்லிமீட்டர் கொண்ட கேமராவை 62 மில்லிமீட்டர் கேமரா போலச் சரிசெய்ய நினைத்து நேரத்தைச் செலவிடுவதில் பயன் இல்லை.

இனி, பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனைகள். பாதிப் பிரச்சினை இங்கேயே பிடிபட்டுவிடும்.

லென்ஸை முடிவிலிக்குத் திருப்பிக்கொண்டு தூரத்துப் பொருளைப் பாருங்கள். எதிர்வீட்டு மொட்டைமாடி போதாது. 1 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரமோ கம்பமோ வேண்டும். இரவில் நட்சத்திரம் இதற்கு மிக நல்லது. புள்ளியாகத் தெரிவதால் பிம்பம் இடவலமாக விலகியிருக்கிறதா, மேல்கீழாக விலகியிருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். நிலாவின் விளிம்பும் உதவும்.

அடுத்தது நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதும் சோதனை. 2 மீட்டர் தொலைவில் ஒரு செங்குத்துக் கோட்டை, கதவு நிலையின் விளிம்பு போன்ற ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். முடிவிலியிலிருந்து மெதுவாகத் திருப்பி இரண்டு பிம்பங்களும் ஒன்றும் இடத்தில் நிறுத்தி, லென்ஸ் வளையத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பிறகு மிக அருகிலான தூரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து மறுபடி ஒன்றச் செய்து எண்ணைப் பாருங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருக்கும் கை லென்ஸைப் பின்தொடரத் தயங்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சுழலும் அச்சில் பழைய கிரீஸ் இறுகிப் பசையாகியிருக்கும். ஸ்பிரிங் அதை இழுத்துக்கொண்டு வரத் திணறும்.

என்னிடம் வந்த ஒரு கேமராவில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. 1970 வாக்கில் வந்த, கழற்ற முடியாத லென்ஸ் கொண்ட வகை. வளையத்தைச் சட்டென்று திருப்பி நிறுத்தினால், மஞ்சள் கட்டத்துக்குள் இருக்கும் பிம்பம் உடனே நிற்காது. ஒரு விநாடி தாமதித்து, ஊர்ந்து வந்து தன் இடத்தில் சேரும். குளிர்ந்த காலைவேளையில் இன்னும் மெதுவாக. அதைப் பார்த்த பிறகு சரிசெய்யும் ஸ்க்ரூ எதையும் திருப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. மேல்மூடியைக் கழற்றி, கையின் அச்சில் பல்குத்தும் குச்சி நுனியால் ஒரு சொட்டு லைட்டர் திரவம் வைத்து, கையை மெல்ல அசைத்து, கரைந்து வந்த பழுப்பு நிறக் கசடைப் பஞ்சுக் குச்சியில் ஒற்றியெடுத்து, திரும்பத் திரும்ப அப்படிச் செய்ததும் பிம்பம் லென்ஸோடு ஒட்டியபடியே நகர ஆரம்பித்தது. முடிவிலியும் தானாகவே சரியாக வந்துவிட்டது. அங்கே மறுபடியும் எண்ணெய் விடவில்லை. அச்சில் போடும் எண்ணெய் பக்கத்துக் கண்ணாடிக்குப் பரவினால் அது பெரிய தொல்லை. எண்ணெய் அவசியம் என்று தோன்றினால் ஊசிமுனையில் எடுக்கும் அளவே அதிகம்.

மேல்மூடி திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சரிசெய்யும் ஸ்க்ரூக்களின் தலையில் இருக்கும் அரக்கை. தொழிற்சாலையில் சரிசெய்து முடித்ததும் சிவப்பிலோ பச்சையிலோ ஒரு துளி வைத்திருப்பார்கள். அது உடையாமல் இருந்தால் அந்த ஸ்க்ரூவை யாரும் தொடவில்லை. இத்தனை ஆண்டுகளில் அது தானாகத் திரும்பியிருக்கவும் முடியாது. அப்படியிருந்தும் ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. இறுகிய கிரீஸ், விழுந்ததில் தளர்ந்த லென்ஸ் பலகை, பசை விட்டுச் சற்றே சாய்ந்த கண்ணாடி, யாரோ பிரித்துத் தவறாக மாட்டிய லென்ஸ், இவற்றில் ஒன்று. காரணத்தைச் சரிசெய்தால் ஸ்க்ரூக்கள் பழைய இடத்திலேயே சரியாக இருக்கும். அரக்கு உடைந்து ஸ்க்ரூவின் வெட்டும் தேய்ந்திருந்தால், நமக்கு முன் யாரோ வந்து போயிருக்கிறார்கள். அப்போது எதையும் நம்பாமல் பிலிம் தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிலிம் தளச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’-யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்தபடி பூட்டிக்கொள்ளுங்கள். அப்பர்ச்சர் முழுவதும் திறந்திருக்கட்டும். பிலிம் உட்காரும் இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை, தேய்த்த பக்கம் லென்ஸை நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிலிம் ஓடும் பாதையில் மேலும் கீழுமாக இரண்டு ஜோடித் தண்டவாளங்கள் இருக்கும். வெளி ஜோடி சற்று உயரம், உள் ஜோடி சற்றுத் தாழ்வு. பின்கதவில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் அழுத்துதட்டு வெளி ஜோடியின் மேல் உட்காரும். பிலிம் ஓடுவது உள் ஜோடியின் மேல். கண்ணாடித் துண்டும் உள் ஜோடியின் மேல்தான் உட்கார வேண்டும். வெளி ஜோடியில் வைத்தால் அந்த உயர வித்தியாசமே, பிலிம் தடிமன் அளவுக்கு மேல் இருப்பதால், சோதனையைப் பொய்யாக்கிவிடும். பழைய பாடம் எதுவும் இதைவிட எனக்குப் பயன்பட்டதில்லை. கண்ணாடித் துண்டு கிடைக்காவிட்டால் மங்கலான ஒட்டும் டேப்பை உள் தண்டவாளங்களின் மேல் விறைப்பாக இழுத்து ஒட்டியும் பார்க்கலாம். ஆனால் டேப் தொய்ந்தால் போயிற்று. கண்ணாடிதான் நம்பகமானது.

இப்போது லென்ஸை முடிவிலியில் வைத்துத் தொலைதூரப் பொருளை நோக்கித் திருப்பி, பிம்பத்தை லூப் எனும் சிறு உருப்பெருக்கி கொண்டு பாருங்கள். கூர்மையாக இருந்தால் லென்ஸ் சரி. வளையத்தைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தால்தான் கூர்மை வருகிறது என்றால் லென்ஸின் முடிவிலி இடம் மாறியிருக்கிறது. கழற்ற முடியாத லென்ஸ் கொண்ட பல ஜப்பானியக் கேமராக்களில் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி மூன்று சின்னப் பிடிஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் எண்கள் பொறித்த வளையம் உள்ளே இருக்கும் மரையிலிருந்து விடுபடும். கண்ணாடித் துண்டில் பிம்பம் கூர்மையாக இருக்கும் நிலையில் உள்மரையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வளையத்தை முடிவிலிக் குறிக்குத் திருப்பி மறுபடி இறுக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் இறுக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வளையம் நகராது.

வெளியே தொலைதூரம் பார்க்க வழியில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஒரு எஸ்எல்ஆரில் 135 அல்லது 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, ஒரு நல்ல நாளில் தொலைதூரப் பொருளுக்குக் கவனமாக ஃபோகஸ் செய்து வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். லென்ஸின் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், நீண்ட லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். சோதிக்க வேண்டிய கேமராவின் பிலிம் தளத்தில் ஊசியால் கீறிய பிலிம் துண்டை வைத்து, பின்னால் ஒரு விளக்கு. இரண்டு கேமராக்களின் லென்ஸ்களையும் முகத்துக்கு முகம் நேராக வைத்து எஸ்எல்ஆர் வழியாகப் பார்த்தால் அந்தக் கீறல் தெரியும். சோதிக்கும் லென்ஸ் உண்மையிலேயே முடிவிலியில் இருந்தால் மட்டுமே கீறல் கூர்மையாக இருக்கும். மேசைமேல், இரவில், வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் வேலை.

மேல்மூடியைக் கழற்றுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர வகை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் தலையைத் தேய்த்துவிடும். பிலிம் சுற்றும் குமிழைக் கழற்ற, பிலிம் அறைக்குள் இருக்கும் கவையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு மேலே குமிழை எதிர்த்திசையில் திருப்பினால் போதும். மூடி வர மறுத்தால் நெம்பாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. பேட்டரி உள்ள கேமராக்களில் ஃபிளாஷ் மாட்டும் இடத்திலிருந்து வரும் ஒயர்கள் மூடியோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும், அதனால் மெதுவாகத் தூக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதில் பொறுமை தேவை. மஞ்சள் கட்டம் மங்கிவிட்டது என்று வரும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் கோளாறே இல்லை. தூசியும், கிரீஸிலிருந்து ஆவியாகிப் படிந்த மென்படலமும்தான் காரணம். வியூஃபைண்டரின் முன், பின் கண்ணாடிகளின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே வெளிச்சம் இரண்டு மடங்கானது போலத் தோன்றும். ஆனால் நடுவில் 45 பாகையில் சாய்ந்து நிற்கும் அந்தப் பாதி ஒளி விடும் கண்ணாடியை மட்டும் அப்படித் தொடக்கூடாது. அதன் பூச்சு வெளிப்பரப்பிலேயே இருக்கும், மேலே எந்தக் காப்பும் கிடையாது. பழைய கேமரா ஒன்றைத் திறந்தபோது அந்தக் கண்ணாடியில் வட்ட வட்டமாகத் துடைத்த தடம் இருந்தது. தடம் பட்ட இடமெல்லாம் பொன்னிறம் போய்ச் சாதாரண ஜன்னல் கண்ணாடியாகியிருந்தது. ஓரத்தில், பஞ்சு எட்டாத மூலையில் மட்டும் பூச்சு பளபளத்தது. யாரோ நல்லெண்ணத்தோடு செய்த வேலை. அதற்குப் பிறகு அந்த ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டாவது பிம்பமே இல்லை. ஊதுபந்தால் காற்றடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் போகாத தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பிம்பத்தில் அது தெரியாது. பூச்சு போயேவிட்டால் அதே தடிமனில் வேறு பூச்சுக்கண்ணாடி வெட்டி ஒட்ட முடியும். ஆனால் பசை காயும் முன் கோணம் பிசகாமல் நிறுத்துவதற்கு நல்ல நிதானம் வேண்டும்.

திரும்பும் கண்ணாடியும் முன்பூச்சுக் கண்ணாடிதான், அதற்கும் இதே எச்சரிக்கை. லைக்கா எம்3-ஐப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதன் ரேஞ்ச்ஃபைண்டர் பட்டகங்கள் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டப்பட்டவை. பழைய பிசின் ஓர் அதிர்ச்சியில் விட்டுவிட்டால் பிம்பம் ஒரேயடியாக இருண்டுவிடும். வீட்டு மேசையில் அதைத் திறக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தேர்ந்த கைகளிடம் கொடுப்பதே சரி.

லென்ஸ் சரி, கை தயங்கவில்லை, கண்ணாடிகள் சுத்தம் என்றான பிறகுதான் ஸ்க்ரூக்கள். மூன்று திருத்தங்கள் உண்டு: மேல்கீழ், முடிவிலி, அருகாமை. மேல்கீழை முதலில் முடித்துவிடுங்கள். இரண்டு பிம்பங்களும் உயரத்தில் விலகியிருந்தால் இடவல ஒற்றுமையைக் கண் சரியாகக் கணிக்காது. தவிர, சில கேமராக்களில் மேல்கீழைத் திருத்தும்போது இடவலமும் கூடவே நகரும். சோவியத் கேமராவான ஜோர்கி-4-ல் சிறிய வட்ட ஜன்னலில் இருக்கும் ஆப்புக் கண்ணாடியைச் சுழற்றித்தான் மேல்கீழைத் திருத்த வேண்டும். ஆப்பு சுழலும்போது பிம்பம் வட்டமாகப் போகும், அதனால் இடவலம் கட்டாயம் கலையும். முடிவிலியை முதலில் செய்தவர் அதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். லைக்கா எம்6-ல் மேல்கீழ் ஸ்க்ரூ முன்னால் இருக்கும் சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

முடிவிலித் திருத்தம் எல்லாப் பிம்பத்தையும் ஒரே அளவு தள்ளுவது. அருகாமைத் திருத்தம் லென்ஸின் நகர்வுக்குக் கண்ணாடி எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற விகிதத்தை மாற்றுவது. பள்ளியில் வரைந்த நேர்கோட்டு வரைபடத்தில் கோடு எங்கிருந்து தொடங்குகிறது, எவ்வளவு சாய்கிறது என்று இரண்டு கேள்விகள் இருக்குமே, அதேதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் குழப்பம் போய்விடும். முடிவிலியிலும் 1 மீட்டரிலும் ஒரே பக்கமாக ஒரே அளவு விலகல் என்றால் தொடக்கம் மட்டும் தவறு. முடிவிலியில் சரியாக இருந்து அருகில் வர வர விலகல் கூடினால் விகிதம் தவறு. லைக்கா எம் கேமராக்களில் லென்ஸைக் கழற்றினால் தெரியும் சிறிய உருளையின் அச்சு மையத்திலிருந்து விலகி அமைந்திருக்கும், அதைத் திருப்பினால் முடிவிலி நகரும். விகிதத்தை மாற்றக் கையின் நீளத்தையே மாற்ற வேண்டும். கழற்ற முடியாத லென்ஸ் கேமராக்களில் பெரும்பாலும் இரண்டும் மேல்மூடிக்குக் கீழே, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள்.

ஸ்க்ரூவைத் திருப்பும் முன் பழைய அரக்கின் மேல் நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு துளி வைத்து இளக விடுங்கள், கண்ணாடிப் பக்கமும் பிளாஸ்டிக் பக்கமும் வழியாமல். ஸ்க்ரூ இருந்த கோணத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கால் சுற்று என்பது இங்கே மிகப் பெரிய அளவு. கடிகார முகத்தில் ஒரு நிமிடக் கோட்டின் இடைவெளி அளவுக்குத் திருப்பி, கண்ணை வைத்துப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். முடிவிலியைச் சரிசெய்து, 1 மீட்டரில் விகிதத்தைத் திருத்தியதும் முடிவிலி கொஞ்சம் கலைந்திருக்கும். மறுபடி அங்கே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பிழை சிறிதாகிக்கொண்டே வரும். வரவில்லையென்றால் எங்கோ ஒன்று தளர்ந்திருக்கிறது, நிறுத்திவிட்டுத் தேடுங்கள். 1 மீட்டரை அளக்கும்போது லென்ஸின் முன்பக்கத்திலிருந்து அளக்காதீர்கள். வளையத்தில் இருக்கும் எண்கள் பிலிம் தளத்திலிருந்து அளந்தவை. பல கேமராக்களின் மேல்மூடியில் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்ட குறி இருக்கும். அந்தக் கோடுதான் பிலிம் தளம்.

மாற்றும் லென்ஸ் உள்ள கேமராக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைக்கா முறையில் எந்த லென்ஸாக இருந்தாலும் ரேஞ்ச்ஃபைண்டர் கைக்கு 51.6 மில்லிமீட்டர் லென்ஸ் நகர்வது போலவே நகர்ந்து காட்டும். சோவியத் ஜூபிட்டர் லென்ஸ்கள் கான்டாக்ஸின் 52.4 மில்லிமீட்டர் கணக்கில் பிறந்தவை. அவற்றை லைக்காவில் மாட்டினால் முடிவிலி சரியாக வந்து, அருகில் மட்டும் தவறும். இது ரேஞ்ச்ஃபைண்டரின் குற்றம் இல்லை. அந்த ஒரு லென்ஸுக்காகக் கேமராவின் விகிதத்தை மாற்றினால் மற்ற எல்லா லென்ஸும் தவறும். லென்ஸைத்தான் திருத்த வேண்டும். பழைய சோனார் வகை லென்ஸ்களில் இன்னொரு விஷயம், அப்பர்ச்சரைக் குறைக்கும்போது ஃபோகஸ் சற்றுப் பின்னால் நகரும். எஃப் 1.5-ல் சரிசெய்தால் எஃப் 2.8-ல் லேசாகத் தவறும். நான் அதிகம் எடுக்கும் திறப்புக்கே சரிசெய்துகொள்வேன். உங்கள் பழக்கம் என்னவோ அதற்குச் சரிசெய்யுங்கள்.

கண்ணாடித் துண்டில் எல்லாம் ஒத்துவந்த பிறகும் ஒரு சுருள் பிலிமைச் செலவழிக்கத்தான் வேண்டும். பிலிம் கண்ணாடிபோல் தட்டையாக நிற்காது. ஒரு செய்தித்தாளை 45 பாகையில் சாய்த்து நிறுத்தி, நடுவில் ஒரு வரியைப் பேனாவால் கோடிட்டு, கேமராவை முக்காலியில் வைத்து அந்த வரிக்கு ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில் எடுங்கள். 1 மீட்டரில் சில, 2 மீட்டரில் சில, ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கலைத்து மறுபடி ஃபோகஸ் செய்து. கழுவிய நெகட்டிவை லூப்பில் பார்த்தால் எந்த வரி கூர்மையாக இருக்கிறது என்பது தெரியும். எல்லாப் படங்களிலும் ஒரே பக்கம் விலகினால் திருத்தம் மிச்சமிருக்கிறது. முன்னும் பின்னுமாகச் சிதறினால் அது கருவியின் எல்லை, அல்லது நம் கண்ணின் எல்லை. அங்கே ஸ்க்ரூவை விட்டுவிடலாம்.

நெகட்டிவ் ஒத்துவந்ததும் ஸ்க்ரூக்களின் தலையில் நெயில் பாலிஷ் ஒரு துளி வைத்து, அது முழுதாகக் காய்ந்த பிறகு மூடியை மாட்டுங்கள். ஈரத்தோடு மூடினால் அதன் ஆவி கண்ணாடிகளில் படியும்.

இத்தனைக்குப் பிறகும் மஞ்சள் கட்டம் மங்கலாகவே இருக்கிறது, பூச்சு வயதாகிவிட்டது, கண்ணாடி மாற்ற மனமில்லை என்பவர்களுக்கு: பெரிய வியூஃபைண்டர் ஜன்னலின் வெளிப்புறத்தில், மஞ்சள் கட்டத்துக்கு நேராக வரும் இடத்தில், கறுப்பு டேப்பில் ஒரு சிறு சதுரம் வெட்டி ஒட்டிப் பாருங்கள். நேர்ப் பிம்பம் அங்கே மட்டும் மறைந்து, ரேஞ்ச்ஃபைண்டர் பிம்பம் தனியாகத் தெரியும். சுற்றியுள்ள காட்சியில் ஒரு கோடு கட்டத்தின் ஓரத்தில் நுழைந்து மறுஓரத்தில் வெளியேறும்போது உடையாமல் தொடர்ந்தால் ஃபோகஸ் வந்துவிட்டது. வெயிலில் கண் கூசும்போதும், உள்ளறை மங்கல் வெளிச்சத்திலும், எனக்கு இது இரட்டைப் பிம்பத்தைவிட வேகமாக இருக்கிறது. டேப்பின் அளவு பெரிதாகிவிட்டால் காட்சியின் நடுவே ஓட்டை விழுந்தது போலாகும், அதனால் கட்டத்தைவிட மயிரிழை சிறிதாகவே வெட்டுங்கள்.